வைத்தியரின் கைக்கட்டி

டோக்கன் இருபத்தேழு என்று கூப்பிட்டதும் வைத்தியர் மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனார்.

ஊரில் எவனுக்குக் கை முறிந்தாலும் கால் பிசகினாலும் எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர் அவர். அவருக்கும் இந்த டாக்டருக்கும் இருபது வருஷமாக ஆகாது. எதிரில் வந்தால் இருவருமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'தச்சர்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

வலது மணிக்கட்டின் மேல் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. நீவினார், தன் கையைத் தானே கட்டினார், தடித்த புத்தகத்தால் ஓங்கி ஒரு போடும் போட்டுப் பார்த்தார். நான்கு நாள் அமுங்கிக் கிடந்துவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது.

புற்றாக இருந்து கை போனால் பிழைப்பு போச்சு. இங்கே வந்தது வெளியே தெரிந்தாலும் பிழைப்பு போச்சு. பயத்தில் மூன்று நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் கட்டியை அமுக்கினார். அசைத்தார். டார்ச்சை அதன்மேல் வைத்து அடித்தார். வெளிச்சம் உள்ளே புகுந்து சிவப்பாகத் தெரிந்தது.

"உள்ள வெறும் நீர்தான், பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க பாட்டுக்குக் கட்டுப் போடுங்க, வைத்தியரே."

வயிற்றில் பாலை வார்த்த அதே வாயால் தலையில் கல்லையும் போட்டுவிட்டார் மனுஷன்.

டாக்டர் எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது என்று வைத்தியர் கும்பிடு போடவே தயாராகிவிட்டார்.

டாக்டரோ கோட்டைக் கழற்றப் போனார். ஒரு கையை உருவிவிட்டார். மற்றதை உருவ முடியாமல் முகத்தைச் சுளித்தார். ஆறு மாதமாகத் தோளைத் தூக்கவே முடியவில்லையாம். பெரிய டாக்டர்கள் நாலு பேரிடம் காட்டியாயிற்றாம். கொஞ்சம் பாருங்களேன் என்றார், குரலே எழும்பாமல்.

வைத்தியர் பார்த்தார். நீவினார், அழுத்தினார், மெல்ல ஒரு சுழற்று சுழற்றினார். டாக்டர் கோட்டுக் காலரைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கண்ணீர் விட்டார். பிறகு கை காதுவரை எழுந்தது. குழந்தை மாதிரி அதை நாலு தரம் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

வைத்தியர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். கால் சுளுக்கிய ஒருவர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். கதவைச் சாத்துவதற்குள் டாக்டரின் குரல் கணீரென்று கேட்டது.

"உயிரே போனாலும் அந்தக் கட்டுப் போடுற ஆள்கிட்ட மட்டும் போயிடாதீங்க."

வைத்தியருக்குக் கோபமே வரவில்லை. வீட்டில் கட்டுப் போட்டுக்கொள்ள ஏழு பேர் காத்திருப்பார்கள். போனதும் இந்த டாக்டரைப் பற்றி அவரும் இதையேதான் சொல்லியாக வேண்டும்.