இடது பாதம்

பிரசவ அறுவைக்காக முதுகில் ஊசி இறங்கியபோது ஃபலேசி, "ஐயோ, இடது கால்ல மின்னல் அடிக்குது" என்று அலறினாள். அந்த நொடியே ஊசியைப் பின்னுக்கு இழுத்திருக்க வேண்டும். மலாவி ஏரிக்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க வைசன் ஒருவன்தான். வெளியே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மருந்தைச் செலுத்திவிட்டான். குழந்தை நலமாகப் பிறந்தது. இடது காலில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

தினமும் காலையில் அந்தப் பாதத்தில் குண்டூசியால் குத்திப் பார்த்தான்.

"தெரியுதா?"

"இல்லீங்க டாக்டர்."

துணைக்கு இருந்த அக்காள் சிரித்தாள். "சோளக்காட்டுல களையெடுக்கணும்னு காலுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் படுத்துக்கிச்சு."

இருபதாம் நாள் ஃபலேசி கூச்சத்தோடு சொன்னாள்: "விடியக்காலம் கால்ல பச்சத்தண்ணி பட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஷூவுக்குள்ள போன மாதிரி. இப்ப சுண்டுவிரல்கிட்ட ஒரு கல்லு உறுத்துது."

வைசன் தாழ்வாரத்துக்குப் போய் தன் இடது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தான். கல் விழுந்தது. அவனுக்கு அது உறுத்தவேயில்லை.

அன்று மாலை வீட்டில், தட்டில் ந்சிமா என்ற சோளக்களி ஆறிக்கொண்டிருக்க, தன் இடது பாதத்தில் குண்டூசியை இறக்கினான். ஒன்றும் தெரியவில்லை. இடம் மாற்றி மாற்றிக் குத்தினான். பதினோரு இடத்தில் ரத்தம் துளிர்த்த பிறகே நிறுத்தினான்.

மறுநாள் அவன் வார்டுக்குள் நுழைந்ததும் ஃபலேசி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"இன்னைக்கு வேண்டாம் டாக்டர். நேத்து சாயங்காலமே பதினோரு தடவை குத்திட்டீங்க. நான் அவ்வளவு கத்தினேனே, உங்களுக்குக் கேக்கலையா?"