நீலக்குட்டி

தொட்டியில் செத்துக் கிடந்த மஞ்சள் மீனை டீ வடிகட்டியில் அள்ளி எடுத்தார் அண்ணன். அதன் வால் நார் நாராகக் கிழிந்திருந்தது.

"தண்ணி கெட்டுப் போச்சு. வாலே அழுகிடுச்சு பாரு. இந்த வீட்டுல யாருக்கும் பொறுப்புன்னு ஒண்ணு கிடையாது!"

வாசலில் பெட்டிகளோடு தம்பி நின்றான். அவன் மனைவி தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். தனிக்குடித்தனம் போகிறார்கள், வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது.

"நேத்துதான் தண்ணி மாத்தினேன் மாமா. உப்பைக்கூட அளந்துதான் கலந்தேன்," என்றாள் அவள்.

"அளந்த லட்சணம்தான் தெரியுதே. செத்து மிதந்துச்சே!"

அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பேசிப் பேசி அலுத்துப்போன வீடு அது. கடல்மீன் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கியவர் அண்ணன். உப்புக் கலப்பது, பாசி சுரண்டுவது, மோட்டார் கழுவுவதெல்லாம் மற்றவர்கள் தலையில். அவர் கடையை மூடிவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார், ஒரு குறை சொல்வார், படுத்துவிடுவார்.

வெளியே வண்டி வந்து நின்றது. "போயிட்டு வரோம்ணே," என்றான் தம்பி.

அண்ணன் வடிகட்டியோடு வாசலுக்கு வந்தார். "அப்பா போனப்புறம் உங்க மூணு பேருக்காக ஓடாத் தேஞ்சேனேடா. நடுவுலவன் தனியாப் போனான். தங்கச்சி இந்தப் பக்கமே வர்றதில்ல. இப்ப நீயும் கிளம்பிட்டே. நான் என்னடா குறை வச்சேன்? இருங்கடா, போகாதீங்க."

நிஜமாகவே கெஞ்சினார். அவர் கெஞ்சி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"முடியலண்ணே," என்றான்.

வண்டி போன பிறகு அண்ணன் தொட்டி எதிரே தொப்பென்று உட்கார்ந்தார். கோடு போட்ட மீன் செத்தாயிற்று, ஆரஞ்சு ஜோடி செத்தாயிற்று, இன்று மஞ்சளும் போயிற்று. பாக்கி இருப்பது விரல் நீள நீலக்குட்டி ஒன்றுதான். தொட்டி வாங்கிய புதிதில் முதலில் விட்ட மீன் அது.

"கெட்டி உசுரு சார், எந்தத் தண்ணியையும் தாங்கும்," என்று சொல்லித்தான் கடைக்காரர் அதைக் கொடுத்தார். அதன் குணத்தைப் பற்றி மேலும் ஏதோ சொல்ல வந்தார். நின்று கேட்க அண்ணனுக்கு அன்றைக்குப் பொறுமையில்லை.

தொட்டியருகே அண்ணி தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க அவள் இருப்பது அந்த இடத்தில்தான். கண்ணில் படுவதைப் புருஷனிடம் சொல்வதை அவள் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

"பாத்தியாடி? ஒவ்வொண்ணா எல்லாம் போயிடுச்சு," என்றார் அண்ணன். "இது ஒண்ணுதான் அத்தனை கஷ்டத்தையும் தாங்கிக்கிட்டு நிக்குது, என்னை மாதிரி."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

"தண்ணி எப்பவும் நல்லாத்தாங்க இருந்துச்சு. மத்ததையெல்லாம் கடிச்சுக் கடிச்சே கொன்னது இதுதான்."