சிவப்புப் பட்டியல்

“பச்சையை எடுத்துக்குங்க அண்ணய்யா, சிவப்பை மட்டும் தொடாதீங்கன்னு—”

“எதை எடுக்கறதுன்னு நீ சொல்லாதே! முதல்ல எடுக்கற உரிமை எனக்குன்னு பத்திரத்துலயே—”

“இருக்கு, யாரு இல்லேன்னாங்க? அந்தச் சிவப்பு வேண்டாம்னுதானே—”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க” என்று பெரியவர் சுப்பராஜு இரண்டு தம்ளர் மோரை நகர்த்தி வைத்தார். யாரும் தொடவில்லை.

அமலாபுரத்தில் மாணிக்யாம்பா ஆவக்காய் ஊறுகாய் போடுவாள். சூரிபாபு அதை வீடியோ எடுத்து, கைபேசி வழியாக ஊர் ஊராக விற்றுக் கொடுப்பான். சரக்கு அவள், விளம்பரம் அவன், லாபம் சரிபாதி. அந்தக் கூட்டு வியாபாரப் பத்திரத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவர் சுப்பராஜு. இன்றைக்குப் பிரித்து வைப்பதும் அவர்தான்.

“பிரியறது பத்தி எனக்கு ஒண்ணுமில்லே ராஜு காரு” என்றாள் மாணிக்யாம்பா. “என் பக்குவத்தைத் திருடிக்கிட்டுப் போய், மச்சானோட கொட்டகையில ஆவக்காய் போட்டு, டப்பா மேல இவரு அம்மா படத்தை ஒட்டியிருக்காரு. அந்த அம்மா ஆயுசுல ஒரு மாங்காயை வெட்டினதுண்டா, கேளுங்க!”

“அம்மா முகத்தைப் பாத்தா ஜனங்க நம்பி வாங்குவாங்க. அதுக்குப் பேருதான் மார்க்கெட்டிங். உனக்கு மிளகாய்ப்பொடி அளக்கறதைத் தவிர என்ன தெரியும்?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

மாங்காய் வரத்து மூன்றே வாரம். அதற்குள் பிடிக்கிற ஆர்டர்தான் வருஷம் முழுதுக்கும் சோறு. மெசேஜ் போகிற ஆட்களின் பட்டியல் யார் கையிலோ, சீசன் அவர்கள் கையில். மெசேஜ் அனுப்புவதோடு சூரிபாபுவின் வேலை முடிந்துவிடும். எத்தனை பேருக்குப் போயிற்று என்று மட்டும் பார்ப்பான். வருகிற பதிலையெல்லாம் படித்து, பேசி, பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்திருந்தவள் அவள்.

சுப்பராஜு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பச்சையில ஏழாயிரம் பேர். சிவப்புல ஆறாயிரத்துச் சொச்சம். ஒருத்தர் எடுத்த பட்டியலுக்கு இன்னொருத்தர் ஜென்மத்துக்கும் மெசேஜ் அனுப்பக் கூடாது. இது நீ எழுதச் சொன்ன ஷரத்து, சூரிபாபு. ஞாபகம் இருக்கில்ல?”

“நல்லா இருக்கு. அவளுக்கு ஞாபகம் இருந்தாப் போதும்.”

“ஏம்மா, சிவப்புல அப்படி யாருதான் இருக்காங்க?”

“ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா நான் வாக்குக் கொடுத்திருக்கேன் ராஜு காரு. இதுக்கு மேல கேக்காதீங்க.”

சூரிபாபு தொடையைத் தட்டிச் சிரித்தான். “கேட்டீங்களா? தனித்தனியா வாக்காம்! ஜாடி ஜாடியா வாங்கற அமெரிக்காக்காரங்களைத் தனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கா. ஏழாயிரத்தைக் காட்டி என்னை ஏமாத்தப் பாக்கறா!”

மாணிக்யாம்பா தலையைக் குனிந்துகொண்டாள். அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

“எழுதுங்க ராஜு காரு. சிவப்பு எனக்கு.”

“அண்ணய்யா, கடைசியா ஒரு தடவை சொல்றேன். அவங்களுக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பாதீங்க.”

“ஒண்ணா? எப்பவும்போல தினம் நாலு அனுப்புவேன். உன்னால ஆனதைப் பாத்துக்கோ!”

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டியல் கை மாறியது. வெளியே வந்ததும் அவன் மச்சானுக்குப் போன் போட்டு, தெருவுக்கே கேட்கும்படி, “அவ அழாத குறைடா! நாளான்னைக்குக் காலையில ஆரம்பிச்சுடலாம்” என்றான்.

மாணிக்யாம்பா நேரே வீட்டுக்குப் போய், அன்றைக்கு வெட்டி வைத்திருந்த மாங்காயில் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, ஜாடியில் போட்டு, வாய்க்குத் துணியால் வேடு கட்டினாள்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவள் கைபேசி அடித்தது. சூரிபாபுவின் மனைவியுடைய எண். பேசியது சூரிபாபு.

“என்னம்மா பண்ணித் தொலைச்சே?”

“மூணாம் நாளாச்சே, ஜாடியைத் திறந்து கிளறிட்டிருக்கேன். இருங்க, உப்பு பாத்துட்டு வரேன்.”

“ஏய், வெச்சுடாதே—”

அவள் வைக்கவில்லை. கைபேசியைத் திறந்தபடியே ஜாடிப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். சுடுசோற்றில் ஒரு கரண்டி ஆவக்காயைப் போட்டு, நெய் விட்டுப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“உப்பு சரியா இருக்கு. சொல்லுங்க அண்ணய்யா.”

“என் நம்பரையே முடக்கிட்டாங்க! காலையில ஒன்பதுக்குத்தான் எல்லாருக்கும் அனுப்பினேன், ஒன்றரை மணி நேரத்துல எல்லாம் போச்சு. அத்தனை டப்பாவுலயும் அம்மா முகத்துக்குக் கீழே அந்த நம்பர்தான் அச்சடிச்சிருக்கேன். ஒரு ஆர்டர் உள்ளே வர வழியில்லே!”

“அடடா.”

“ஒருத்தர் விடாம என் மேல புகார் தட்டியிருக்காங்க. ஆவக்காய் வேணுமான்னு கேட்டதுக்கு இப்படியா? யாரு இவங்கல்லாம்? சொல்லு, யாரு?”

மாணிக்யாம்பா ஜாடியின் வாயைத் துடைத்து மூடினாள்.

“நான் வாக்குக் கொடுத்துப் புகார் தட்டாம நிறுத்தி வெச்சிருந்தவங்க. ‘இனிமே எங்களுக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பாதீங்க’ன்னு திட்டி எழுதினவங்க, அண்ணய்யா.”