வாலில் ஏழு புள்ளிகள்

திரையில் அணுக்கள் சிதைவதைக் காட்டும் கோடு சரிந்து இறங்குகிறது. பாடப்புத்தகம் சொல்கிறபடி தேய்ந்து மறையாமல், வால்பகுதியில் ஏழு புள்ளிகள் மட்டும் கோட்டுக்கு மேலே அடம்பிடித்து நிற்கின்றன. என் நான்கு வருட உழைப்பே அந்த ஏழுதான். பேராசிரியர் சிப்ஸை மென்றபடி, எண்ணெய் விரலை அவற்றின்மேல் அழுத்தித் தேய்க்கிறார். "இதெல்லாம் குப்பைம்மா, தூக்கிடு." "மூணு தடவை அளந்துட்டேன் சார், இப்படித்தான் வருது." "என் தியரியில அப்படி வராது. தீசிஸ்ல கையெழுத்து வேணுமா, வேண்டாமா?" அவர் வாயிலிருந்து தெறித்த துணுக்கு விசைப்பலகையில் விழுகிறது. அதைத் தள்ளிவிட்டு, என் விரல்தான் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்கிறது. "இப்பதான் லட்சணமா இருக்கு" என்று அதே கையால் என் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். புள்ளிகள் இருந்த இடத்தில் அவருடைய எண்ணெய்க் கறை மினுங்குகிறது. அதையும் என் சட்டைக் கையால் நானே துடைக்கிறேன்.