மாப்பிள்ளை செத்த அழகு

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகட்டும்.

கத்திக்குத்துப் பட்ட மாப்பிள்ளை மல்லாக்கச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு மாமனார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பிழைக்கப் போன நாட்டில் மாப்பிள்ளைக்கு நடிப்பு, கிளாரினெட் என்று இரட்டைத் தொழில். ஊதி ஊதிப் பழகியதில் இரண்டரை நிமிஷம் மூச்சடக்குவார். அதனால் எந்த நாடகத்தில் கொலை விழுந்தாலும் இவருக்குத்தான் அழைப்பு. பதினோரு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் சாவு.

மாமனாருக்கு அதுதான் ஆறவில்லை. மகளைக் கையோடு கூட்டிப்போக இரண்டு டிக்கெட்டுடன் வந்திருந்தார்.

"பதினோரு வருஷமா நடிக்கிறாராம். சொந்தக்காரன் ஒருத்தன் கண்ணுலயாவது பட்டிருக்காரா?"

"ஒரு நாள் நேர்ல போய்ப் பாருங்கப்பா. அப்புறம் பேசுங்க" என்று மகள்தான் அனுப்பிவைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. விதவையாக வந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். விக்கலும் விம்மலுமாக, நல்ல தாளக்கட்டோடு அழுதாள். வந்தது வினை. பிணத்தின் பூட்ஸ் நுனி தரையில் தாளம் போட்டது.

கண்ணாடி அறைக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த இயக்குநர் கையைத் தூக்கினார். "பொணம் மறுபடியும் தாளம் போடுது. நாலாவது தடவை. இன்னொரு தடவை போட்டா வேற பொணம் பாத்துக்கறேன்."

"என்ன மாப்பிள்ளை, செத்தப்புறமுமா?" என்றார் மாமனார்.

"தொழில் புத்தி மாமா. அழுகை தாளத்துல விழுந்தா காலு நிக்க மாட்டேங்குது."

"இந்த வேலை போச்சுன்னா?"

"விசாவும் போயிரும். அப்புறமென்ன, நானும் உங்க வீட்டுக்கே வந்துடறேன்."

மாமனார் டீயை வைத்துவிட்டு எழுந்தார். மாப்பிள்ளையின் முழங்காலைச் சேர்த்துவைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். "நீங்க நிம்மதியா சாவுங்க. நான் இருக்கேன்."

மாப்பிள்ளை செத்தார். சும்மா சொல்லக்கூடாது, மூச்சுமில்லை, அசைவுமில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமனாருக்கு, மகள் கதி என்னாகும் என்று தோன்றி நிஜமாகவே விம்மல் வெடித்துவிட்டது.

"அந்த விம்மல் இருக்கட்டும். பிரமாதம்" என்றார் இயக்குநர், கண்ணைத் திறக்காமலே.

வராந்தாவுக்கு வந்ததும் மாமனார் மனைவிக்கு போன் போட்டார். "பொண்ணு இங்கேயே இருக்கட்டும், அவ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன். மாப்பிள்ளை செத்தா அப்படி ஒரு அழகு. நானும் கூடவே நடிச்சிருக்கேன். உன் தம்பிங்க எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லு, டிவியில பாக்கட்டும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "என்னிக்கு, எந்தச் சேனல்னு கேக்கறா மாப்பிள்ளை."

மாப்பிள்ளை கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சேனலா? இது ரேடியோ, மாமா."