தடுப்பாட்டம்

"பந்து மேல பாயாதடி! வழியை மறிச்சு நில்லு. எருமைக்குக்கூட இந்நேரம் புரிஞ்சிருக்கும்."

கால்பந்து வீடியோ கேமில் கணவனும் மனைவியும் ஒரே அணி. எதிரணி, தன் வீட்டிலிருந்து ஆன்லைனில் ஆடும் அவனுடைய அண்ணன்.

"தோத்தா என்ன ஆகும்னு தெரியும்ல? அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என்கிட்ட வராத."

"வாயை மூடிட்டு ஆடுங்க."

ஒரு வாரமாகத் திட்டித் திட்டியே அவளைப் பழக்கியிருந்தான். இன்று பலன் தெரிந்தது. அவள் பாயவில்லை. பின்வாங்கி, வழியடைத்து, அண்ணனைத் தடுமாற வைத்தாள். ஒரு பந்துகூட அவளைத் தாண்டவில்லை.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. பந்து அவளிடம். தங்கள் கோல்கீப்பரை முன்னால் வரவைத்தாள்; நிதானமாகத் திரும்பித் தங்கள் வலைக்குள்ளேயே உதைத்தாள்.

ஸ்பீக்கரில் அண்ணன் சிரித்தான். "பேச்சு மாறக்கூடாதுடா!"

"சேம் சைடு கோலாடி போடுற? நீ எந்தப் பக்கம்டி?"

கண்ட்ரோலரை அவன் மடியில் வீசிவிட்டு, அவள் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாமா, கட்டின பெட்டியைப் பிரிச்சிடுங்க. உங்க பெரிய பையன் ஜெயிச்சுட்டார். தோத்தவங்கதான் உங்களை வச்சுக்கணுமாம்."