தம்பியின் ஊசி

"ஊசி தம்பிக்கு மட்டும்தான். நீ கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று அம்மா கறாராகச் சொன்னாள். பெரியவள் நகரவில்லை. மருத்துவமனை பெஞ்சில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு, மடியில் கிடந்த தம்பியை முறைத்தாள்.

பெரியவள் என்றதும் கல்யாண வயசு என்று நினைத்துவிடாதீர்கள். வயது ஐந்துதான். ஐந்து மாதம் முன்புவரை அவள்தான் வீட்டுக்குப் பாப்பா. தம்பி பிறந்த அன்றே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள். "நீ பெரியவ இல்லையா?" என்று சொல்லிச் சொல்லியே மடியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

பொறாமை சும்மா இருக்குமா? தம்பி பால் குடிக்கும் நேரம் பார்த்து இவளுக்கு வயிறு வலிக்கும். அவன் தூங்கப் போகும் நேரம் பார்த்து, தலை வாரிவிடச் சொல்லிச் சீப்போடு வந்து நிற்பாள். ஒருநாள் அவன் காலை நறுக்கென்று கிள்ளிவிட்டு, பழியை எறும்பின்மேல் போட்டாள்.

இனி உள்விஷயத்துக்கு வருவோம். தம்பிக்கு இன்றைக்கு ஊசியே கிடையாது. அவன் வயதுக்குப் போட வேண்டியதெல்லாம் போட்டாகிவிட்டது. ஐந்து வயதில் போடும் தடுப்பூசி பாக்கி இருந்தது பெரியவளுக்குத்தான்.

போன மாதம் கூட்டிவந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டாள். இழுக்கப் போன நர்ஸின் கட்டைவிரலில் ஒரு கடி. போடாமலே திரும்பினார்கள். திங்கட்கிழமைக்குள் தடுப்பூசி அட்டையில் முத்திரை விழாவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

கடிபட்ட நர்ஸ்தான் போனில் வழி சொன்னாள். "கெஞ்சினா வர மாட்டா. தம்பிக்குன்னு சொல்லிப் பாருங்க, சாம்பலைக்கூட எனக்குன்னு பிடுங்குவா" என்றாள். அம்மாவுக்கு அது சரியென்று பட்டது.

அன்றிலிருந்து ஒரு வாரம் அம்மா ஊசிக்கு விளம்பரம் செய்தாள். தம்பிக்கு மட்டும் ஊசி, தம்பிக்கு மட்டும் பலூன், ஊசி போட்டுக்கொள்ளும்போது தம்பி மட்டும் அம்மா மடியில் உட்காரலாம், பிறகும் அரை மணி நேரம் இறங்க வேண்டாம். பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அரை மணி நேரம் என்றால் எவ்வளவு என்று மட்டும் விசாரித்தாள்.

இன்று காலை எல்லாமே தோதாக அமைந்தது. வெளியே குளிர். கை நீளமான சட்டைகள் வரிசையாக மடித்து வைத்திருந்தும், பெரியவள் தானாகவே கையில்லாத கவுனைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஏன் என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வாளா?

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் நடிப்பில் ஒன்றும் குறை வைக்கவில்லை. தம்பியின் கன்னத்தைத் தட்டி, "ஐயா ரெடியா? அம்மா மடியில உட்காருங்க" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் இருந்த கை கழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தார்.

"எனக்குத்தான் முதல்ல" என்றாள் பெரியவள்.

உனக்கெதற்கு, நீதான் பெரியவளாயிற்றே என்று அம்மா பிகு பண்ணினாள். நர்ஸும் மருந்து ஒருத்தருக்குத்தான் இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினாள். பெரியவளின் கண்ணில் நீர் முட்டியது. "எல்லாம் அவனுக்கே. எப்பப் பாத்தாலும் அவனுக்கே" என்றாள். அந்தக் குரலில் நடிப்பு இல்லை. அம்மா பிகுவை விட்டுவிட்டாள்.

தம்பி அப்பாவின் கைக்கு மாறினான். பெரியவள் ஒரே தாவலில் மடி ஏறினாள். நர்ஸ் சொன்னபடி அம்மா அவளை நெஞ்சோடு அணைத்து, கால்களைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கையை அசையாமல் பிடித்தாள். ஊதச் சொன்னார்கள், ஊதினாள். ஊசி இறங்கியபோது உடம்பு ஒருதரம் வெடவெடத்தது. நகங்கள் அம்மாவின் தோளில் பதிந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

அட்டையில் முத்திரை விழுந்தது. அம்மாவும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொண்டார்கள். பலூனை நீட்டினால், அதைத் தம்பிக்கே கொடுத்துவிடச் சொன்னாள் பெரியவள்.

வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கையில் தம்பி வீல் என்று கத்தினான். பெரியவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊசி போட்ட கையைத் தடவாமல், கண்ணை மூடிக் கிடந்தாள். ஐந்து மாதத்தில் இந்தப் பிள்ளை இப்படிக் கிடந்ததே இல்லையே என்று அம்மாவுக்கு உறைத்தது. பச்சைப் பிள்ளையை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு குறுகுறுத்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அவள் காதருகே குனிந்தாள்.

"கண்ணு, அம்மா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்டி. அந்த ஊசி வந்து..."

பெரியவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்குத்தான்னு அப்பவே தெரியும்மா. மடி கிடைக்குமேன்னுதான் போட்டுக்கிட்டேன்."